செவிட்டுப் பட்டியல்

தாரணி தன் கணவனைப் பாராட்டத் தொடங்கி எட்டு மாதம் ஆகியிருந்தது. அதற்கு முந்தைய பதினேழு ஆண்டுகளில் அந்த வாயிலிருந்து கேட்டதாக அர்த்தநாரிக்கு நினைவிருந்த அதிகபட்ச நற்சொல் "தேவலை" என்பதுதான். அதுவும் அவரைப் பற்றி அல்ல, அவர் வாங்கி வந்த முருங்கைக்காயைப் பற்றி.

அதனால் முதல் பாராட்டு வந்த அன்று அவருக்குப் புரையேறிவிட்டது. தாரணி சமையலறையில் நின்று, வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கும் மகளோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். "உங்கப்பா கார் ஓட்டுனா நிம்மதியாத் தூங்கிக்கிட்டே வரலாங்கண்ணு. அந்த வேகத்துல ஓட்டுனா மாடுகூடத் தூங்கிரும்" என்றாள். இரண்டாவது வாக்கியத்தை அர்த்தநாரி கண்டுகொள்ளவில்லை. முதல் வாக்கியத்தை மட்டும் தனியாகக் கழற்றி எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனார். நாள் முழுக்க அதை நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டார்.

அதன்பின் வாரத்துக்கு நான்கைந்து வந்தன. மகளிடம் ஒன்று, பக்கத்து வீட்டு அம்மாளிடம் சமையலறை ஜன்னல் வழியாக ஒன்று, அவர் முகத்துக்கு நேராகவே ஒன்று. அர்த்தநாரி ஆளே மாறிப்போனார். வீட்டிலும் இஸ்திரி போட்ட சட்டை அணிந்தார். யாரும் சொல்லாமல் கொடியில் துணி காயப்போட்டார். நாற்பத்தாறு வயதில் சொந்த மனைவி மேலேயே காதல் வருவதில் பெரிய வசதி, வீட்டில் யாரிடமும் மறைக்க வேண்டியதில்லை.

ஒவ்வொரு பாராட்டின்போதும் ஃப்ரிட்ஜுக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்த, வீட்டுப் பேச்சைக் கேட்கும் செவிக் கருவி, ஒரு துவரம்பருப்பு அளவே இருந்தது, பச்சையாக ஒருமுறை சிமிட்டியது. கத்தரிக்காய் விலையைப் பேசினாலும் அது சிமிட்டும் என்பதால் அவர் கவனிக்கவில்லை. பாராட்டு தொடங்கிய அதே மாதம் வீட்டுக்குப் புது கிரைண்டர் ஒன்று வந்தது. "மகளிர் குழுக் குலுக்கல்ல விழுந்துதுங்க" என்றாள் தாரணி. அதையும் அவர் கவனிக்கவில்லை. ஊருக்கெல்லாம் விளம்பரம் செய்கிறவருக்குச் சொந்த வீட்டில் நடந்தது தெரியாமல் போயிற்று.

ஆமாம், அவர் தொழில் விளம்பரம்; யார் தேடினாலும் வாடிக்கையாளரின் பெயரே முதலில் வரச் செய்யும் தேடல் ஆலோசகர். கோவை நூறடி சாலையில் மூன்றாவது மாடியில் 'நல்வாக்கு அசோசியேட்ஸ்' என்ற பலகை தொங்கியது. அந்தச் செவ்வாய்க்கிழமை அங்கே புது வாடிக்கையாளராகப் பல் டாக்டர் தெய்வசிகாமணி வந்து உட்கார்ந்திருந்தார்.

"எனக்கு நெட்டுல நாலாயிரத்து அறுநூறு பேரு அஞ்சு நட்சத்திரம் போட்டிருக்காங்க" என்றார் டாக்டர் பெருமையாக.

"இதுவரைக்கும் எத்தன பேருக்குப் பல்லு பாத்திருப்பீங்க?"

டாக்டர் மின்விசிறியைப் பார்த்தார். "ஒரு தொள்ளாயிரம் இருக்குமுங்க."

"மிச்சப் பேரு?"

"அதுக்குன்னு ஒரு கம்பெனிக்காரங்க மாசாமாசம் போட்டுக் குடுத்தாங்க."

"அதனாலதான் டாக்டர், நட்சத்திரம் செத்துப்போச்சு. தொறக்காத ஓட்டலுக்கு ஆயிரம் நட்சத்திரம். எழுதுனது பூராம் மிஷினு, படிச்சதும் மிஷினு. மனுசங்க தேடறதையே விட்டுட்டாங்க. அப்பத்தான் செவி வந்துச்சு. எழுதறத அது திரும்பிக்கூடப் பாக்காது. வீட்டுக்குள்ள, யாரும் கேக்காதப்ப, ஆளுக தன்னால என்ன பேசிக்கறாங்களோ அத மட்டுந்தான் காதுல வாங்கும். இப்ப நீங்க 'நல்ல பல் டாக்டர் யாரு?'ன்னு கேட்டீங்கன்னா, அந்தக் காலத்து மாதிரி பத்துப் பக்கம் வராது. ஒரே ஒரு பேரு சொல்லும்."

"அந்த ஒரு பேரு என்ற பேரா இருக்கோணும். ஆனா வீட்டுல ஒக்காந்து பல் டாக்டரப் பத்தி யாருங்க பேசுவாங்க?"

"பேச வெக்கறதுதானுங்க எங்க தொழில்."

அர்த்தநாரி விளக்கினார். செவி நிறுவனமே நடத்தும் பேச்சுச் சந்தை என்று ஒன்று இருக்கிறது. விருப்பப்பட்ட வீட்டுப் பெண்களும் ஆண்களும் அதில் பதிந்து, ஆளுக்கொரு எண்ணோடு 'வாய்' ஆகிறார்கள். காலையில் சந்தை கொடுத்த காதுக் கம்மலில் ஒரு வரி ஒலிக்கும். அன்றைய பேச்சோடு பேச்சாக அதை வீட்டில் சொல்லிவிட வேண்டும். சொன்னால் பாயிண்டு, பாயிண்டு சேர்ந்தால் குக்கரோ கிரைண்டரோ வீடு தேடி வரும். எந்த வீடு என்பது விளம்பரக்காரருக்குத் தெரியாது. ஒரே ஒரு நிபந்தனை, விளம்பரம் கொடுப்பவரின் குடும்பத்தார் மட்டும் பேசக்கூடாது.

"நடிச்சா செவி கண்டுபுடிச்சுராதுங்களா?"

"கண்டுபுடிச்சிரும். மத்த கம்பெனிக அங்கதான் மண்ணைக் கவ்வுனாங்க. 'ஆகா, எவ்வளவு அற்புதமான மருத்துவர்!'னு சொல்ல வெச்சாங்க. நம்ம பக்கத்துல எந்த வீட்டுலங்க அப்படிப் பேசறாங்க? கண்ணு பட்டுரும்னு நல்லதயே வெளிய சொல்ல மாட்டமே. வையற மாதிரித்தான் மெச்சுவோம். 'அந்தப் பாழாப்போன டாக்டரு பல்லப் புடுங்குனதே தெரியல, நான் அரைமணி நேரம் வாயப் பொளந்துக்கிட்டு ஒக்காந்திருந்தேன்.' இப்படிச் சொன்னா செவி நூத்துக்குத் தொண்ணூறு குடுக்கும்."

டாக்டர் பாழாய்ப்போக ஒப்புக்கொண்டு, கையெழுத்துப் போட்டார்.

இந்த வசவுப் பாராட்டுதான் அர்த்தநாரியைப் பெரிய ஆளாக்கியது. எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டால் 'கள ஆய்வு' என்பார். களம் அவர் வீட்டுச் சமையலறை. எட்டு வருடத்துக்கு முன் ஒருநாள் தாரணி ஜாக்கெட் தைப்பவரை அரைமணி நேரம் வைது தீர்த்துவிட்டு, "அந்தாளு கடைய மூடிட்டுப் போயிட்டா நான் எங்க போவேன்?" என்று கவலைப்பட்டதை அவர் கேட்டிருந்தார். அதை அவளிடம் சொன்னதே இல்லை.

இந்தத் தொழிலால் ஊருக்கு நேர்ந்த கதியை அவர் அறியாதவர் அல்ல. சாப்பாட்டு நேரத்தில் மாமியாரும் மருமகளும் முட்டிவலித் தைலத்தைப் பற்றி மாறி மாறி உருகினார்கள். இழவு வீட்டில் ஒப்பாரிக்கு நடுவே குளிர்பெட்டிக்காரர் பெயர் வந்தது. யார் மனதிலிருந்து பேசுகிறார்கள், யார் கம்மலிலிருந்து பேசுகிறார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. உண்மையைப் பேச வேண்டுமென்றால் செவிக்குக் காது கேட்காத இடத்துக்குப் போக வேண்டும். கோவையில் அப்படிப்பட்ட இடம் மாவு மில். அங்கே ஓடுகிற மிஷின் சத்தத்தில் எந்தக் கருவிக்கும் பேச்சு பிடிபடாது. அதனால் சண்டை போட வேண்டியவர்கள், சமாதானம் ஆக வேண்டியவர்கள், பெண் கேட்க வேண்டியவர்கள் எல்லோரும் அரைக்கிலோ ராகியோடு மாரப்பண்ணன் மில்லில் வரிசையில் நின்றார்கள். அரைத்த ராகியையே மூன்றாம் முறை அரைக்கக் கொண்டுவருகிறவர்களும் உண்டு. மாரப்பண்ணன் பிளாஸ்டிக் நாற்காலிகள் வாங்கிப் போட்டிருந்தார்.

டாக்டர் போனதும் ஜெசிந்தா உள்ளே வந்தாள். நல்வாக்கு அசோசியேட்ஸில் வேலை பார்ப்பது மொத்தம் இரண்டு பேர். அர்த்தநாரி பேசுவார், ஜெசிந்தா வேலை செய்வாள். எட்டு மாதத்துக்கு முன் ஒருநாள் "கோவையில் நல்ல தேடல் ஆலோசகர் யார்?" என்று செவியிடம் கேட்டபோது, அது பீளமேட்டுக்காரர் ஒருவரின் பெயரைச் சொல்லிவிட்டது. அன்றே அர்த்தநாரி தமக்குத் தாமே ஐந்நூறு வீடுகளில் விளம்பரம் ஏற்பாடு செய்தார். அதன் அறிக்கை ஜெசிந்தாவின் கையில் இருந்தது.

"நம்ம பேரு மறுபடி மேல வந்திருச்சு சார். அதுவும் ஒரே ஒரு வாயால. நாலாயிரத்து நானூத்திப் பதினேழாம் நம்பர் வாய். நம்பகம் தொண்ணூத்தேழு. மேற்கு மண்டலத்துலயே இப்படி ஒரு வாய் கிடையாது."

"அப்படி என்ன பேசுனாங்க? படி, கேப்போம்."

ஜெசிந்தா படித்தாள். "'இவரு ஆபீசுல யாரையும் ஒரு வார்த்த கடிஞ்சு பேசமாட்டாரு. எல்லாத்தையும் சேத்துவெச்சு வீட்டுக்குக் கொண்டாந்து எங்க மேல கொட்டறாரே, அப்புறம் அங்க எங்க மிச்சமிருக்கும்?'"

அர்த்தநாரியின் கையிலிருந்த பேனா நின்றது. போன வாரம் தாரணி சமையலறை ஜன்னலில் நின்று பக்கத்து வீட்டு அம்மாளிடம் சொன்னது அது. அந்த முதல் வாக்கியத்தின் சந்தோஷத்தில்தான் ஜெசிந்தாவுக்கு அரைநாள் லீவு கொடுத்திருந்தார்.

"இன்னொண்ணு படி."

"இது ரொம்ப முன்னாடி சார், மொத நாளு. 'உங்கப்பா கார் ஓட்டுனா நிம்மதியாத் தூங்கிக்கிட்டே வரலாங்கண்ணு...'"

"போதும்."

"மாடு ஒண்ணு வரும் சார், நல்லாருக்கும்..."

"போதும் ஜெசி. அது என்ற வீடு."

ஜெசிந்தா அறிக்கையை மூடினாள். "அப்ப இதையும் சொல்லிர்றேன். சந்தையிலிருந்து ஒரு நோட்டீஸ் வந்திருக்கு. நல்ல சேதிய மொதல்ல சொல்லிட்டு இத அப்புறமா சொல்லலாம்னு இருந்தேன்."

வாய் 4417-இன் முகவரியும் விளம்பரம் கொடுத்தவரின் முகவரியும் ஒன்றாக இருப்பது சந்தைக்குத் தெரிந்துவிட்டது. மூன்று நாளுக்குள் ஒரு படிவத்தை நிரப்ப வேண்டும். அதில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. 'இவர் உங்களைப் பற்றிச் சொன்னவை உண்மையா, பொய்யா?'

"பொய்னு போட்டா, அக்காவோட வாயப் பொய்வாய்னு குறிச்சுக்குவாங்க. பாயிண்டுல வந்த பொருளத் திருப்பி எடுத்துக்குவாங்க. அவங்க சொன்னத மட்டும் கழிச்சுட்டு நம்ம பேர ஒண்ணும் பண்ணாம விட்டுருவாங்க. உண்மைன்னு போட்டா, நம்ம பேரு செவிட்டுப் பட்டியலுக்குப் போயிரும்."

"உண்மையச் சொன்னதுக்கா?"

"நானும் போன் போட்டுக் கேட்டேன் சார். பொய்யக் கழிக்க வழி இருக்காம். உண்மையக் கழிக்க இன்னும் கண்டுபிடிக்கலையாம்."

செவிட்டுப் பட்டியல் என்ற பேச்சை எடுத்தாலே தொழிலில் இருப்பவர்கள் எழுந்து போய்விடுவார்கள். அதில் சேர்ந்த பெயரைச் செவி அதன்பின் கேட்கவே கேட்காது. அவரைப் பற்றி யார் என்ன சொன்னாலும் விளக்கு சிமிட்டாது. யார் தேடினாலும் அப்படி ஒரு ஆளே இல்லை என்றுவிடும். ஊரில் அதுவரை நான்கு பேர் அதில் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் மனம் வெறுத்துச் சாமியாராகப் போனார். அங்கும் பக்தர்கள் வரவில்லை.

"பொய்னு போட்டுருங்க சார். அக்காகிட்ட வீட்டுல சொல்லிச் சமாதானம் பண்ணிக்கலாம்."

"பொய்யான்னு தெரியோணுமே, ஜெசி."

அவர் கம்பெனியை நினைத்து அதைச் சொல்லவில்லை என்பது ஜெசிந்தாவுக்குப் புரிந்தது. குரலைத் தணித்துக்கொண்டாள். "தொண்ணூத்தேழு குடுத்திருக்கு சார். நடிச்சா அவ்வளவு வராது."

"நடிச்சு அவ்வளவு வர வெக்கறது எப்படின்னு நாப்பதாயிரம் வீட்டுக்குச் சொல்லிக் குடுத்தவனே நாந்தானே."

நாற்பதாயிரம் வீடுகளில் எத்தனையோ பேர் இப்படித்தானே மனைவியின் வார்த்தையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போயிருப்பார்கள் என்று அர்த்தநாரிக்கு முதல்முறையாகத் தோன்றியது. எட்டு மாதச் சந்தோஷமும் தாமே ஏற்பாடு செய்து தமக்கே விற்றுக்கொண்ட சரக்கா என்று நினைத்தபோது அவமானமாக இருந்தது. அதைவிட அதிகமாக, அது தீர்ந்துவிடுமே என்று பயமாக இருந்தது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் கிரைண்டரைத்தான் முதலில் பார்த்தார். அது சமர்த்தாக மாவரைத்துக்கொண்டிருந்தது.

"இவரு வாங்கிட்டு வர்ற உளுந்துதான் உளுந்து. பொறுக்கறதுக்குள்ள என்ற கண்ணு ரெண்டும் போயிருது, அத்தன கல்லு" என்றாள் தாரணி, யாரிடம் என்று சொல்ல முடியாதபடி. பச்சை விளக்கு சிமிட்டியது.

நேற்றுவரை இதைக் கேட்டிருந்தால் முதல் வாக்கியத்தை எடுத்துக்கொண்டு ஊஞ்சலில் போய் உட்கார்ந்திருப்பார். இன்று விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். வீட்டுக்குள் இதைப் பற்றி வாய் திறந்தால் செவி கேட்டுவிடும், படிவத்துக்கு வேலையே இருக்காது.

"நாளைக்குக் காத்தால மில்லுக்குப் போலாம்" என்றார்.

தாரணியின் முகம் மாறியது. அந்த ஊரில் ஒரு புருஷன் பெண்டாட்டியை மில்லுக்குக் கூப்பிட்டால் மாவுக்காகக் கூப்பிடுவதில்லை.

"என்ன அரைக்கோணும்?"

"எதாச்சும்."

அவள் ஒரு டப்பா நிறைய வரமிளகாயை எடுத்து வைத்தாள். அழ வேண்டி வந்தால் காரணம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு மில்லில் நாற்காலியெல்லாம் நிரம்பியிருந்தது. ஒரு மூலையில் ஒரு அண்ணனும் தம்பியும் கம்பு மூட்டையை நடுவில் வைத்துக்கொண்டு பாகப்பிரிவினை பேசிக்கொண்டிருந்தார்கள். மாரப்பண்ணன் தாரணியிடமிருந்து டப்பாவை வாங்கி வரிசையில் வைத்தார்.

"பேச்சுக்குங்களா, அரைக்கறதுக்குங்களா?" அவர் எல்லோரிடமும் கேட்பதுதான். பேச்சுக்கு என்றால் மெதுவாக அரைப்பார்.

"ரெண்டுக்குந்தான்" என்றாள் தாரணி.

மிஷின் ஓடத் தொடங்கியது. அர்த்தநாரி அவள் காதருகே குனிந்து கத்தினார். "4417 நீதானா?"

"ஆமா!" ஒரு நொடிகூட அவள் தயங்கவில்லை. "நம்ம லேஅவுட்டுல குழுப் பொம்பளைக மொத்தமும் சேந்திருக்காங்க. நான் மட்டும் சேரலைன்னா ஏன்னு கேக்க மாட்டாங்களா? நைட்டி, மாவு பாக்கெட்டு, தைலம்னு ஒரு வருசம் பேசிக்கிட்டிருந்தேன். திடுதிப்புனு ஒருநாள் காத்தால கம்மல்ல உங்க பேரு வருது! எனக்குக் கையில இருந்த கரண்டி கீழ விழுந்துருச்சு!"

"எனக்கு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?"

"உங்களுக்கு நீங்களே வெளம்பரம் குடுத்துக்கிட்டத எங்கிட்டச் சொன்னீங்களா?"

அர்த்தநாரி அந்தப் பக்கத்தை அப்படியே விட்டுவிட்டார். "நீ சொன்னதெல்லாம் அவங்க எழுதிக் குடுத்ததா?"

"என்னங்க?"

"எழுதிக் குடுத்ததான்னு கேட்டேன்!"

"மொத நாளு என்ன எழுதி வந்துச்சு தெரியுங்களா? 'நல்வாக்கு அர்த்தநாரி கொங்கு மண்டலத்தின் தலைசிறந்த தேடல் ஆலோசகர்.' இத நான் யாருகிட்டப் போயிச் சொல்லறது? கேஸ் அடுப்புகிட்டயா? அத எழுதுனவன் எவனோ, பொண்டாட்டி பேசறத ஒருநாளும் காது குடுத்துக் கேட்டே இருக்கமாட்டான்!"

எழுதியவர் அவள் எதிரில்தான் நின்றார். ஊருக்கெல்லாம் வசவு எழுதிக் கொடுத்தவருக்குத் தமக்கென்று எழுதும்போது மட்டும் மனம் வரவில்லை. ஆசை தீர நேராகவே எழுதிக்கொண்டார். அதை இப்போது சொல்ல வேண்டாமென்று முடிவு செய்தார்.

"அப்ப நீ சொன்னது?"

"எனக்குத் தோணுனது! உங்க பேச்ச எடுத்தாப் போதும், பாயிண்டு வந்துரும். என்னத்தச் சொல்லறதுன்னு நின்னேன். கார் ஞாபகம் வந்துச்சு. நீங்க ஓட்டுனா நான் நெசமாவே தூங்கிருவேன். வேற யாரு ஓட்டுனாலும் எனக்குக் கண்ணு மூடாது."

ஆனாலும் அவருக்கு ஒரு கணக்கு இடித்தது. "அப்ப பதினேழு வருசமா ஏன் ஒண்ணுமே சொல்லல?"

தாரணிக்குக் கோபம் வந்துவிட்டது. "சொன்னனே! கல்யாணமாகி ரெண்டாம் மாசம். பச்சக் கலர் சட்டை போட்டுக்கிட்டுக் கண்ணாடி முன்னாடி நின்னீங்க. சட்டை நல்லாருக்குதுன்னு சொன்னேன். நீங்க என்ன கேட்டீங்க?"

அவருக்கு ஞாபகமில்லை.

"'என்ன வேணும்?'னு கேட்டீங்க!"

அந்த நேரம் பார்த்துக் கரண்டு போயிற்று. மாதாந்திரப் பராமரிப்பு என்று போன வாரமே அறிவித்திருந்தார்கள், யாரும் படிக்கவில்லை. மிஷின் நின்றது. தாரணி நிற்கவில்லை.

"நல்லது சொன்னா அது உங்களுக்கு வெளம்பரம்! வஞ்சாத்தான் நம்புவீங்க! அதனாலதான் பதினேழு வருசமா வஞ்சுக்கிட்டே இருந்தேன்! பாயிண்டு வருதுன்னு ஒரு சாக்குக் கெடச்ச பொறகுதான் எனக்கு வாயே வந்துச்சு!"

மில் முழுக்கக் கேட்டது. அண்ணனும் தம்பியும் பாகப்பிரிவினையை நிறுத்தினார்கள். காற்றில் மிதந்த கம்பு மாவு மெதுவாக எல்லோர் தலையிலும் இறங்கியது. அப்போதுதான் தாரணிக்குச் சுற்றுப்புறம் தெரிந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"உட்றாத அம்மிணி, இன்னுங் கேளு" என்றது வரிசையிலிருந்து ஒரு குரல்.

அர்த்தநாரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மொளகாய்" என்றார் பொதுவாக எல்லோருக்கும்.

"உங்க மொளகாய இன்னும் தொடவே இல்லீங்களே. ஓடுனது கம்புங்க" என்றார் மாரப்பண்ணன், ஒளிவுமறைவில்லாத மனிதர்.

மூன்றாம் நாள் ஜெசிந்தா படிவத்தைத் திறந்து வைத்தாள். "ஒரு தடவ யோசிச்சுப் போடுங்க சார். என்ற பொழப்பும் அதுல இருக்கு."

"தெரியும் ஜெசி. மன்னிச்சுக்க." அர்த்தநாரி 'உண்மை' என்பதை அழுத்தினார். தொழிலுக்கு வந்தபின் அவர் அனுப்பிய முதல் உண்மை அதுதான்.

ஒரு மணி நேரத்தில் ஜெசிந்தா செவியிடம் கேட்டுப் பார்த்தாள். "நல்வாக்கு அசோசியேட்ஸ் அர்த்தநாரி யாரு?"

"அப்படி ஒரு பெயரை நான் கேட்டதில்லை" என்றது செவி, மரியாதையாக.

இரண்டு நாள் போன் மணி அடிக்கவில்லை. ஜெசிந்தா பீளமேட்டுக்காரரிடம் வேலை கேட்கலாமா என்று யோசித்தாள். மூன்றாம் நாள் பல் டாக்டர் தெய்வசிகாமணி வந்தார். ஒப்பந்தத்தை முறிக்கத்தான் வந்திருக்கிறார் என்று அர்த்தநாரி காகிதத்தை எடுத்தார். டாக்டருக்குப் பின்னால் அவர் மனைவியும் வந்து உட்கார்ந்தார். இருவர் தலையிலும் மாவு இருந்தது.

"மில்லுல கேள்விப்பட்டோமுங்க" என்றார் டாக்டர். "இவங்க மூணு வருசமா என்னை நல்லபடியாப் பேசறாங்க. நானும் இவங்கள நல்லபடியாப் பேசறேன். அந்த வெளக்கு சிமிட்டறப்பெல்லாம் எங்க ரெண்டு பேருக்கும் இப்பச் சந்தேகமா இருக்குதுங்க. எங்க பேர அந்தப் பட்டியல்ல சேத்திவிட முடியுங்களா?"

"பல் டாக்டர் யாருன்னு கேட்டா உங்க பேரு வராதுங்களே?"

"பல்லு வலிச்சா ஆளுக எப்படியும் கதவத் தட்டுவாங்க."

அர்த்தநாரி ஜெசிந்தாவைப் பார்த்தார். ஜெசிந்தா வாசலைப் பார்த்தாள். படிக்கட்டில் இன்னும் இரண்டு ஜோடிகள் ஏறி வந்துகொண்டிருந்தன. அவள் புது நோட்டு ஒன்றைப் பிரித்து, "நம்ம வேலைக்கு இனி என்ன பேரு போடட்டும் சார்?" என்று கேட்டாள்.

மறுநாள் காலை அர்த்தநாரி குளித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். பீரோவின் அடியிலிருந்து தேடி எடுத்த பச்சைச் சட்டை, இரண்டு பொத்தான் மாட்ட மறுத்தாலும், உடம்பில் ஏறியிருந்தது. குலுக்கலில் விழாத கிரைண்டர் அதன் இடத்திலேயே இருந்தது. உண்மை என்று போட்டதால் அதை எடுத்துப்போக யாரும் வரவில்லை.

தாரணி தோசையைத் தட்டில் போட்டாள். காதில் கம்மல் இல்லை. அவரை மேலும் கீழும் ஒருமுறை பார்த்தாள்.

"சட்டை நல்லாருக்குது" என்றாள்.

அவ்வளவுதான். பின்னால் வசவு எதுவும் வரவில்லை. அர்த்தநாரி ஃப்ரிட்ஜுக்கு மேலே பார்த்தார். பருப்பு அளவுக் கருவி சிமிட்டாமல் சும்மா இருந்தது. அந்த வார்த்தை எங்கும் போகவில்லை, யாருக்கும் எண்ணப்படவில்லை, மேசைக்கு இந்தப் பக்கம் இருந்த ஒருவருக்கு மட்டும் வந்து சேர்ந்திருந்தது.

பழக்கத்தில் அவர் வாய் திறந்தது. "என்ன..." என்றுகூட வந்துவிட்டது. அவசரமாகப் பாதித் தோசையைப் பிய்த்து வாய்க்குள் திணித்துக்கொண்டார்.

"என்னமோ கேக்க வந்தீங்களே?" என்றாள் தாரணி, தோசைக்கரண்டியோடு நின்றபடி.

அர்த்தநாரி மென்று விழுங்கினார். "இன்னொரு தோசை" என்றார்.